இரவு 2 மணிக்கு போன் செய்யத் தயங்காத வார்டு: மருத்துவமனையில் மரியாதையைப் பழக்கமாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்து நான்கு மாதமே ஆன சிஸ்டர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் காலை ஓவர் (நைட் ஆளிடமிருந்து வார்டுப் பொறுப்பை வாங்குவது) எடுக்கும்போது கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். சிசேரியன் முடிந்த ஒரு அம்மாவுக்கு இரவு 1.30-க்கு பல்ஸ் 112, 2.30-க்கு 120, 3.30-க்கு 128. பிபி படியிறங்குவதுபோல இறங்கிக்கொண்டே வந்திருந்தது. "டாக்டரைக் கூப்பிட்டியா?" என்றேன். "அஞ்சு மணிக்குக் கூப்பிட்டேன் மேடம்" என்றார். ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "போன வாரம் கூப்பிட்டப்போ, இதுக்கெல்லாமா எழுப்புவ, படிச்சுட்டுத்தானே வந்தன்னு கேட்டுட்டாங்க மேடம்."

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். நான்கு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் மரியாதை என்றதும் வணக்கம் சொல்வது, சிரிப்பது, சுவரில் 'அன்புடன் பேசுவோம்' என்று ஒட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கு வேறு. வார்டிலேயே வயதும் பதவியும் குறைந்த ஆள், நடுராத்திரியில் வாயைத் திறக்கத் துணிகிறாரா? அதுதான் கேள்வி. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

இது வெறும் மனவருத்தப் பிரச்சினை இல்லை என்பதற்கு 2015-இல் இஸ்ரேலில் வெளிவந்த ஆய்வு ஒன்று போதும். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்க்கும் 24 குழுக்களை அழைத்து, குறைமாதக் குழந்தை ஒன்றுக்குக் குடல் நோய் முற்றுவதுபோல ஒத்திகை நடத்தினார்கள். சில குழுக்களிடம் மட்டும் வெளிநாட்டு நிபுணர் ஒருவர் அந்நாட்டு மருத்துவத் தரத்தைக் கொஞ்சம் ஏளனமாகப் பேசினார். திட்டவில்லை, கத்தவில்லை. அதற்கே அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் பின்தங்கின. காரணத்தைத் தேடியபோது, அவர்கள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்திருந்தது தெரிந்தது. எங்கள் சிஸ்டர் 5 மணி வரை காத்திருந்ததும் அதே கதைதானே.

படி 1: ஒரு வாரம் பேசாமல் பாருங்கள்

நீங்கள் மேட்ரனோ, ஆர்எம்ஓ எனும் நிலைய மருத்துவ அலுவலரோ, யூனிட் சீஃபோ, சின்ன நர்சிங் ஹோமின் உரிமையாளரோ, யாராக இருந்தாலும் முதலில் சுற்றறிக்கை விடாதீர்கள். பாக்கெட் நோட்டு ஒன்று வாங்கி, ஒரு வாரம் யார் எங்கே குரலை உயர்த்துகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், நேரம், இடம், ஒரு வரி. பெயர் எழுதினால் அது உளவு நோட்டாகிவிடும். மூன்றாம் நாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், கத்தல் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. நான் குறித்ததில் மூன்று இடங்கள் திரும்பத் திரும்ப வந்தன: காலை ரவுண்ட்ஸ், ஆபரேஷன் தியேட்டரில் முதல் கேஸ், லேபுக்கும் வார்டுக்கும் நடுவில் போகும் போன். தியேட்டர் விஷயம்தான் எனக்குப் பெரிய பாடம். சர்ஜன் தினமும் காலையில் தியேட்டர் சிஸ்டரைத் திட்டுவார். ஆள் அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். நோட்டைப் பார்த்தபோது, திட்டு விழும் நேரம் ஏறக்குறைய ஒரே நேரம். முதல் கேஸ் 8 மணிக்குப் போட்டிருக்கும். கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து செட் வெளியே வருவதே 8.15. ஸ்டெரிலைசேஷன் ஆட்களை அரை மணி நேரம் முன்னதாக வரச் செய்தோம். சர்ஜன் திடீரென்று நல்லவராகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

எனவே குறித்தவற்றில் எது மனுஷர் கோளாறு, எது ஏற்பாட்டுக் கோளாறு என்று பிரியுங்கள். ஏற்பாட்டை முதலில் சரிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் மரியாதை வகுப்பு எடுத்தால் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள்.

மிச்சத்தை அந்தந்த வார்டு ஆட்களே பேசி முடிவெடுக்கட்டும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் 2005 முதல் இப்படித்தான் செய்தன: மேலிருந்து விதி கொடுக்காமல், ஒவ்வொரு பிரிவும் அடிக்கடி கூடி 'நமக்கு மரியாதை என்றால் என்ன' என்று தானே தீர்மானித்துக்கொண்டது. லேபர் வார்டுக்கு மரியாதை என்றால் அர்த்தம் ஒன்று, பில்லிங் கவுண்டருக்கு வேறு.

படி 2: 'நீ' எங்கே விழுகிறது என்று பாருங்கள்

ஆங்கிலத்தில் இந்தத் தலைவலி கிடையாது. தமிழில் ஒவ்வொரு வினைச்சொல்லிலும் ஏணிப்படி இருக்கிறது. ரவுண்ட்ஸில் நின்று கேளுங்கள். சீஃபிடம் "சொல்லுங்க சார்." அடுத்த நொடி, அதே வாய் 55 வயது ஆயாம்மாவிடம் "ஏம்மா, இந்த பேசினை எடு, சீக்கிரம் போ." பேசியவருக்கு 23 வயது இருக்கும். அவர் கெட்டவரும் இல்லை. வீட்டில் அம்மா பேசியதைக் கேட்டு வளர்ந்தவர், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நானே அந்த சிஸ்டரிடம் "கூப்பிட்டியா" என்றுதான் கேட்டிருக்கிறேன். எனக்கும் பழக்கம் போக வெகுநாள் ஆனது.

விதி சுலபமானது: வளாகத்துக்குள் எல்லோருக்கும் 'நீங்க'. தூய்மைப் பணியாளர், செக்யூரிட்டி, நர்சிங் மாணவி, நோயாளி, நோயாளியின் அட்டெண்டர், எல்லோரும் அதில் அடக்கம். சீஃப் முதல் நாள் தொடங்கினால் மற்றவர்கள் பதினைந்து நாளில் பழகிவிடுவார்கள். சீஃப் தொடங்காவிட்டால் பதினைந்து வருடமானாலும் நடக்காது.

அக்கா, அண்ணே, பாட்டி என்று உறவு சொல்லிக் கூப்பிடலாமா என்று கேட்பார்கள். தாராளமாக, ஆனால் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் ஒரே மாதிரி போகிறதா என்று பாருங்கள். மூத்த டாக்டர் 'மேடம்', மூத்த ஸ்டாஃப் நர்ஸ் 'அக்கா' என்றால் அதில் பாசத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. ஆண் செவிலியரை 'பிரதர்' என்பது ஓரளவு பழகிவிட்டது. சிலருக்குப் பிடிக்காது, பெயரைக் கேட்டுக் கூப்பிடுங்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி உண்டு. புது தில்லி உட்பட 8 நகரங்களில் அந்தப் பட்டியலைச் சோதித்தபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதத்துக்கு இறங்கியது. பெயர் சொன்னதால் மட்டும் அது நடக்கவில்லை. பட்டியலில் இன்னும் 18 அம்சங்கள் இருக்கின்றன. ஆனால் ஒருமுறை தன் பெயரைச் சத்தமாகச் சொன்ன ஆள், "சார், வலது பக்கமில்ல, இடது பக்கம்" என்று சொல்லவும் துணிவார். நம் ஊர் தியேட்டர்கள் பலவற்றில் இந்த வரிக்கு நேரே டிக் மட்டும் விழுகிறது. பெயரைச் சொல்ல வையுங்கள். பத்து நொடி வேலை. பெயர்ப் பட்டையைப் பெரிய தமிழ் எழுத்தில் அடியுங்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் கட்டாயம் ஒன்று வேண்டும்.

அப்புறம் டீ. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓய்வறையில் யார் எவர்சில்வர் டம்ளரில் குடிக்கிறார், யாருக்குப் பேப்பர் கப், யார் நாற்காலியில் உட்காருகிறார், யார் படிக்கட்டில் உட்காருகிறார் என்று பாருங்கள். தூய்மைப் பணிக்கு எந்தச் சமூகத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேப்பர் கப்பை 'சுகாதாரம்' என்று சொல்லிச் சமாளிப்பார்கள். அப்படியானால் டீனுக்கும் பேப்பர் கப் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே டம்ளர், ஒரே மேசை. இதற்குச் சுற்றறிக்கை வேண்டாம். நீங்கள் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து குடியுங்கள். நாலு நாள் தொடர்ந்து.

படி 3: இரவு போனுக்கு ஒரு பாதை போடுங்கள்

இரவு அழைப்பில் சண்டை வர முக்கியக் காரணம், கூப்பிடுபவர் பயத்தில் சுற்றிவளைப்பதும், தூக்கத்தில் எழுந்தவருக்குத் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் போவதும்தான். இதற்கு அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை இருக்கிறது: இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்று நான்கே கட்டம். இதைப் போன் பக்கத்தில் தமிழில் ஒட்டுங்கள். எங்கள் சிஸ்டர் 1.30-க்கு இப்படிப் பேசியிருக்கலாம்:

"சார், மூணாவது வார்டு சிஸ்டர் பேசுறேன். பெட் 14-க்குப் பல்ஸ் 112, பிபி 100/60. சிசேரியன் முடிஞ்சு எட்டு மணி நேரம் ஆகுது; பன்னெண்டரைக்குப் பல்ஸ் 96, பிபி 110/70 இருந்துச்சு. ரெண்டு பேட் முழுசா நனைஞ்சிருக்கு. ரத்தக்கசிவா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க வந்து பார்க்கணும் சார்."

அரை நிமிடம்கூட ஆகாது. கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் நம் செவிலியர்களுக்கு வராது. 'டாக்டருக்குத் தெரியாததா' என்று விழுங்கிவிடுவார்கள். அதைத்தான் ஒத்திகை பார்க்க வேண்டும். ஓவர் முடிந்ததும் ஐந்து நிமிடம், இருவர் இருவராக. முதல் நாள் சிரிப்பார்கள். சரி, சிரிக்கட்டும்.

எதிர்முனைக்கும் விதி உண்டு. எடுத்ததும் "சொல்லுங்க சிஸ்டர்." வைப்பதற்கு முன் "கூப்பிட்டது நல்லது." அழைத்தது தேவையே இல்லாத காரியமாக இருந்தாலும் அப்படித்தான், தேவையில்லாததை விளக்க மறுநாள் பகல் இருக்கிறது. மறுமுனையில் இருக்கும், மேற்படிப்பு படிக்கும் பிஜி டாக்டர் 30 மணி நேரமாகத் தூங்காதவராக இருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டே வாக்கியம் கேட்கிறேன்.

டாக்டர் வரவில்லை, கவலை தீரவில்லை என்றால்? இரண்டாம் முறை கூப்பிட்டு, "சார், எனக்குப் பயமா இருக்கு, பேஷண்ட்டுக்கு ஆபத்துன்னு நினைக்கிறேன்" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்ல வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த ஆள் யார் என்று பெயரும் எண்ணும் முன்கூட்டியே சுவரில் இருக்க வேண்டும். மேலே போனதற்காக யாரையும் கேள்வி கேட்க மாட்டோம் என்று அந்தத் தாளின் அடியில் சீஃப் கையெழுத்துப் போடட்டும். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று நினைக்காதீர்கள். நான் பார்த்திருக்கிறேன், அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்ட சிஸ்டர்களை.

படி 4: கட்டில் பக்கத்தில் திட்டாதீர்கள்

தவறைச் சுட்டிக்காட்டத்தான் வேண்டும். மரியாதை என்பது தவறை மூடி மறைப்பது ஆகாது. உடனே நிறுத்த வேண்டியதை உடனே நிறுத்துங்கள்: "சிஸ்டர், அந்த ஊசியைப் போடாதீங்க, டோஸை இன்னொரு தடவை பார்ப்போம்." அவ்வளவுதான். மிச்சப் பேச்சு அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. நோயாளி முன்னால் செவிலியரைத் திட்டினால், அன்று சாயங்காலமே அட்டெண்டரும் அவரைத் திட்டுவார், நீங்கள்தான் வழிகாட்டியவர்.

பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு வாக்கியம் கற்றுக்கொடுங்கள். திட்டு வாங்குபவரால் பேச முடியாது. மூன்றாவது ஆளால் முடியும். "சார், உள்ளே போய்ப் பேசலாமா?" போதும்.

படி 5: டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்

எல்லோரும் பயப்படும் படி இது. திறமையான, பெயரெடுத்த, கூட்டம் கூட்டமாக நோயாளிகள் தேடிவரும் டாக்டர். வாய் மட்டும் சரியில்லை. யார் போய்ச் சொல்வது? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம் இதற்கு ஒரு முறையைப் பிரபலமாக்கியது. ஒரு புகார் வந்தால் விசாரணை கிடையாது, மெமோ கிடையாது; சக டாக்டர் ஒருவர் ஒரு கோப்பை காபியோடு போய்த் தனியாகச் சொல்லிவிட்டு வருவார். பெரும்பாலானோருக்கு அதுவே போதும். தான் அப்படிப் பேசுவது பலருக்குத் தெரிவதே இல்லை.

போகிறவர் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும். ஜூனியரை அனுப்பாதீர்கள், நிர்வாக அதிகாரியையும் அனுப்பாதீர்கள். நடந்து இரண்டு நாளைக்குள், ஓபி முடிந்த நேரத்தில். பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"சார், அஞ்சு நிமிஷம் இருக்கா? நேத்து ரவுண்ட்ஸ்ல பெட் 6 பக்கத்துல ஃபைல் தூக்கிப் போட்டீங்கன்னு சொன்னாங்க. உங்களை எனக்குத் தெரியும், அதனாலதான் நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

"யார் சொன்னது?"

"அதை விடுங்க சார். ஏதாவது காரணம் இருந்திருக்கும்."

"காரணமா? மூணு நாளா அந்த ரிப்போர்ட் வரல. நான் என்ன பண்றது?"

"லேப்ல நான் பேசுறேன். ஆனா ஃபைல் பறந்ததுக்கப்புறம் அந்தப் பொண்ணு மத்தியானம் வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் கேட்கலையாம். அதைத்தான் சொல்ல வந்தேன்."

இங்கே நிறுத்திவிட வேண்டும். மன்னிப்பு கேட்கச் சொல்லாதீர்கள், அறிவுரை நீட்டாதீர்கள், "எல்லாரும் உங்களைப் பத்தி அப்படித்தான் சொல்றாங்க" என்று கூட்டத்தைக் கூட்டாதீர்கள். லேபில் பேசுவதாகச் சொன்னால் கட்டாயம் பேசுங்கள். அவர் கோபப்பட்டு எழுந்து போகலாம். அதனால் தோற்றதாக அர்த்தமில்லை, காதில் விழுந்துவிட்டது.

டீ குடித்த தேதியை மட்டும் ஓரிடத்தில் எழுதிவையுங்கள். ஒரே ஆளுக்கு மூன்றாவது தேதி விழுந்தால் அது நட்புப் பேச்சின் எல்லையைத் தாண்டிவிட்டது. துறைத்தலைவர் எழுத்தில் பேசட்டும். அப்போதும் மாறாவிட்டால் டீன் அல்லது நிர்வாக இயக்குநர். வருமானம் கொண்டுவருகிறார் என்பதற்காக இந்த ஏணியை ஒருவருக்கு மட்டும் மடக்கி வைத்தால், மற்றவர்களுக்கு நீங்கள் பேசும் மரியாதை எல்லாம் நாடகம் என்று புரிந்துவிடும்.

படி 6: டீ செல்லாத இடங்கள்

பாலியல் சீண்டல், சாதி சொல்லித் திட்டுவது, கை நீட்டுவது, ராகிங்: இவற்றுக்கு டீயும் கிடையாது, சமரசமும் கிடையாது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் மருத்துவமனை, நர்சிங் ஹோம் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 10 பேர் வேலை பார்த்தாலே உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகாரை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஒப்பந்தப் பணியாளரும் பயிற்சி மாணவியும் புகார் கொடுக்கலாம். இது அவர்களில் பலருக்குத் தெரியாது. குழு உறுப்பினர்களின் போன் எண்கள் பெண்கள் உடைமாற்றும் அறையில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினரைப் பிறர் முன்னிலையில் சாதிப் பெயரால் இழிவுபடுத்துவது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ராகிங் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 1997-இல் வந்தது. அதற்குக் காரணமாக இருந்தது, 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொலை செய்யப்பட்ட சம்பவம். 'எங்க காலத்துல நாங்களும் பட்டோம்' என்று யாராவது சொன்னால் அதை நினைவுபடுத்துங்கள்.

படி 7: வெளியிலிருந்து வரும் கோபம்

2024 நவம்பரில் சென்னை கிண்டியில் அரசு மருத்துவர் ஒருவர், நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி மருத்துவப் பணியாளரைத் தாக்குவது ஜாமீனில் வர முடியாத குற்றம். 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. இது தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும். அடிபட்ட ஆளே ஸ்டேஷனுக்கு அலையக் கூடாது. புகாரை நிர்வாகம் கொடுக்க வேண்டும்.

ஆனால் சட்டம் அடித்த பிறகு வருவது. அடிக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு காத்திருப்பு இருக்கிறது. அவசரப் பிரிவு வாசலில் நிற்கும் அண்ணனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. மணிக்கு ஒருமுறை யாராவது வெளியே வந்து, "இப்ப ஸ்கேனுக்குப் போயிருக்காங்க, வர முக்கால் மணி நேரம் ஆகும்" என்று சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்து "இன்னும் ரிப்போர்ட் வரலைங்க" என்று சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு ஷிஃப்ட் வாரியாக ஒரு பெயர் போடுங்கள். பெயர் போடாத வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

படி 8: ஆள் கணக்கு

ஒரு சிஸ்டர், 40 நோயாளிகள், தொடர்ந்து ஏழாவது நைட் என்றால் நான் மேலே எழுதியதெல்லாம் வீண். ரோஸ்டரை மாற்றுங்கள், ஆள் கேட்டு எழுதுங்கள், எழுதிய நகலை வைத்துக்கொள்ளுங்கள். இதில் மேலே சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.

படி 9: வேலை செய்கிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது

புகார்களை எண்ணாதீர்கள். முதல் ஆறு மாதம் புகார் ஏறும். இதுவரை சொல்லாதவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். அதைப் பார்த்து நிர்வாகம் மிரண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடக்கூடும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரண்டை எண்ணுங்கள். ஒன்று, டாக்டரை அழைத்ததைப் பதியும் கால் புக்கில் இரவு 12 முதல் 5 வரை எத்தனை அழைப்பு என்பது. கூடினால் நல்லது. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயர் இல்லாத சீட்டில் ஒரே கேள்வி: 'போன மாதம், சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா?' தூய்மைப் பணியாளருக்கும் சீட்டு கொடுங்கள். எழுத வராதவர்கள் இருந்தால், அவர்கள் நம்பும் ஆளை வைத்துக் கேளுங்கள். சூப்பர்வைசரை வைத்து வேண்டாம்.

அப்புறம் ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது எம்பிபிஎஸ் படிப்பின் முடிவில் பயிற்சிக்கு வருபவர்கள். வருடாவருடம் புது பேட்ச் வருகிறது. பழைய பேட்ச்சுக்குச் சொன்னதெல்லாம் அவர்களோடு போய்விடும். புதியவர்கள் வார்டுக்கு வரும் முதல் நாள், சீஃப் பேசுவதற்கு முன் மூத்த ஆயாம்மாவை அழைத்து, லினன் எங்கே, ஆக்சிஜன் சாவி எங்கே, இரவில் யாரை எழுப்பலாம் என்று வார்டைச் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள். எங்கள் வார்டில் அப்படிச் சுற்றிக்காட்டிய அம்மா முதல் முறை வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசினார். இரண்டாம் வருடம் கேள்வி கேட்டார்: "இதுல எது கிளீனு, எது அழுக்குன்னு சொல்லுங்க பாப்போம் டாக்டர்." ஆறு பேரில் இரண்டு பேர் தப்பாகச் சொன்னார்கள்.